இஸ்திரி மேசையின் கால்கள்

“அப்பா, காரைத் தூக்கிட்டு நிக்கிற கல்லுக்குக் கை வலிக்காதா?”

அந்த வீட்டுச் சின்னப் பெண் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இப்படிக் கேட்டாள். ஆறு வயது. வாசற்படியில் குத்தவைத்து உட்கார்ந்து டீயில் ரொட்டியைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். முற்றத்தில் நின்ற காருக்கு அடியிலிருந்து அவள் அப்பாவின் சிரிப்பு வந்தது.

“கல்லுக்கு ஏதுடி கை?”

“அப்ப எதால தூக்குது?”

“தலையால.”

“தலை வலிக்காதா?”

“உன்கிட்டப் பேசுற எனக்குத்தான் வலிக்குது. ரொட்டி ஊறி விழுந்துடப் போகுது, தின்னு.”

அவர் கொத்தனார். தெருவில் பாதி வீடுகளின் சுவர் அவர் கையால் எழுந்தது. ஆனால் மழை பிடித்துக்கொண்டால் கொத்தனாருக்கு வேலை ஏது? பூசின சுவரை இரவு மழை கழுவிக்கொண்டு போய்விடும். அந்த மாதங்களில் அவர் வீட்டுக்குள்ளேயே ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடப்பார். இல்லாத விரிசலைத் தேடிப் பூசுவார். சமையலறைக்குப் போய், “உப்பு டப்பா ஏன் இங்க இருக்கு?” என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வார்.

மழை மாதங்களில் அடுப்பு எரிவது அவர் மனைவியின் காரால். பழைய கார். நிறம் எது என்று கேட்டால் அவளே சற்று யோசித்துத்தான் சொல்வாள். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பகலில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வயசானவர்கள், சாயங்காலம் மறுபடியும் பிள்ளைகள். தெரு முழுக்க அவளை டிரைவரம்மா என்றுதான் கூப்பிடும். வண்டியில் ஏறுகிற ஒவ்வொரு குழந்தைக்கும் கதவைத் தானே இறங்கிச் சாத்துவாள். “விரல் இருக்கா? எண்ணு பார்ப்போம்” என்பாள். பிள்ளைகள் பத்து விரலையும் காட்டின பிறகுதான் வண்டி நகரும்.

அந்த வாரம் பள்ளிக்கூட வாசல் சரிவில் ஒரு சம்பவம் நடந்துவிட்டது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு அவள் கதவைத் திறக்கும்போது வண்டி பின்னால் நழுவியது. காலால் பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஹேண்ட் பிரேக்கின் கேபிள் துருப்பிடித்து அறுந்திருந்தது. ஆனால் ஒரு பிள்ளையின் அம்மா அதைப் பார்த்துவிட்டாள். தலைமை ஆசிரியை டிரைவரம்மாவைக் கூப்பிட்டு, குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்: “திங்கட்கிழமை காலையில சரி பண்ணிக் காட்டுங்க. இல்லன்னா பிள்ளைங்களை வேற வண்டியில ஏத்த வேண்டியிருக்கும். என் மேல கோபப்படாதீங்கம்மா.”

வேறு வண்டி அங்கேயே தயாராக நின்றது. புத்தம் புதிது. ஒருமுறை பிள்ளைகள் அதில் ஏறிவிட்டால் திரும்பி வர மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

மெக்கானிக்கிடம் போனாள். அவர் பட்டறையில் நாலு வண்டி வயிற்றைத் திறந்து கிடந்தன. “புதன்கிழமைக்கு முன்னால முடியாது தங்கச்சி. பொய் சொல்லி உன்னை நிறுத்தி வைக்க மனசு வரல” என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் பேச்சு இப்படிப் போயிற்று.

“நானே மாத்துறேன்” என்றார் கொத்தனார்.

“உங்களுக்குக் கார் வேலை என்னங்க தெரியும்?”

“ரெண்டு மாடி வீடு கட்டத் தெரிஞ்சவனுக்கு ஒரு கம்பியை மாட்டத் தெரியாதா?”

“வீடு நகராதுங்க. வண்டி நகரும்.”

“நகராம நிறுத்துறது என் பொறுப்பு. சும்மா உக்காந்து உக்காந்து எனக்குப் பாசி பிடிச்சுப் போச்சு. இதையாவது செய்யவிடு.”

கடைசி வாக்கியத்தை அவர் விளையாட்டாகச் சொன்னது போலத்தான் இருந்தது. ஆனால் அவள் அதற்கு மேல் தடுக்கவில்லை. வேலை இல்லாத ஆம்பளையின் மனசு ஈரச் சுவர் மாதிரி. விரலால் தொட்டாலும் பதிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. முற்றத்து மண் இன்னும் மெத்தென்று இருந்தது. அவள் வண்டியை முதல் கியரில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தாள். பின்சக்கரத்து நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்தினாள். பிறகு வாங்கி வைத்திருந்த கேபிளைப் பிரித்துப் பார்த்தால் அது வேறு வண்டிக்கானது. கடைக்காரன் மாற்றிக் கொடுத்துவிட்டான்.

“ஞாயித்துக்கிழமை பன்னெண்டு மணிக்குக் கடையை மூடிடுவான். நான் போய் மாத்திட்டு வந்துடறேன்” என்று கிளம்பினவள், சுவரோரம் அடுக்கியிருந்த ஹாலோ பிளாக் கற்களைக் கணவர் தூக்கி வருவதைப் பார்த்து நின்றாள்.

“இதையா வைக்கப் போறீங்க? இது தாங்குமா?”

“தாங்குமாவா? இது மேல ரெண்டு மாடி நிக்குது, தெரியுமா உனக்கு? உன் காரு என்ன, மாடியை விடக் கனமா?”

அவர் சொன்னது உண்மைதான். “நான் வர்ற வரைக்கும் அடியில போகாதீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். “சரி, சரி” என்றார்.

ஜாக்கியால் ஒரு பக்கம் தூக்கி, கல்லின் ஓட்டை மேலே பார்க்கிற மாதிரி சுவரில் வைப்பது போலவே இரண்டு கல்லை அடுக்கி, வண்டியை அதன்மேல் இறக்கினார். மறுபக்கமும் அப்படியே. சக்கரங்களைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார். ஜாக்கியைத் துடைத்து உள்ளே வைத்தார். பிறகு நின்று பார்த்தார். மட்டமாக, அழகாக இருந்தது. மனைவி வருவதற்குள் பழைய கேபிளையாவது கழற்றி வைத்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆச்சரியமாக இருக்கும் என்று நினைத்தார். தோளில் கிடந்த துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு அடியில் நுழைந்தார்.

அப்போதுதான் அந்தக் குழந்தை கல்லின் கையைப் பற்றிக் கேட்டது.

பக்கத்து வீட்டில் இஸ்திரிக்காரம்மா இருந்தாள். தனிக்கட்டை. தெருவின் துணியெல்லாம் அவள் மேசைக்கு வந்துதான் வீடு திரும்பும். அவளுக்கும் கொத்தனாருக்கும் ஒரு வருடமாகப் பேச்சு கிடையாது. இரண்டு வீட்டுக்கும் நடுவே நெஞ்சளவுச் சுவரை அவர் கட்டியபோது, தேய்த்து அடுக்கி வைத்திருந்த வெள்ளைச் சட்டைகளில் சிமெண்டுத் தூசி படிந்துவிட்டது. எல்லாவற்றையும் மறுபடி துவைத்தாள். “சொல்லிட்டுச் செஞ்சிருக்கக் கூடாதா?” என்றாள். “தூசி என்கிட்டச் சொல்லிட்டா போகுது?” என்றார் இவர். அன்றோடு சரி. அதற்குப் பிறகு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் இருவரும் குழந்தை வழியாகவே பேசிக்கொள்வார்கள். இருவருக்கும் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் குழந்தை ஒவ்வொரு சொல்லையும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொண்டுபோய்க் கொடுக்கும். அவளுக்கு அது பெரிய உத்தியோகம்.

அன்று துணி காயப்போட வந்த இஸ்திரிக்காரம்மா சுவருக்கு மேலே தற்செயலாகப் பார்த்தாள். காருக்கு வெளியே இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கையில் இருந்த ஈரத்துணி அப்படியே நின்றது.

“பாப்பா, இங்க வா. எங்கிட்ட வா. இந்தா, பன்னு தரேன்.”

குழந்தை ஓடிச் சுவரோரம் போனது. அவள் குனிந்து அதைத் தூக்கிச் சுவரைத் தாண்டித் தன் பக்கம் இறக்கிக்கொண்டாள்.

“உங்கப்பாவைக் கொஞ்சம் வெளிய வரச் சொல்லு.”

“அப்பா, வெளிய வரணுமாம்.”

“என்னன்னு கேளு” என்றது காரின் அடி.

“வெளிய வந்தாத்தான் சொல்வேன்னு சொல்லு.”

“வேலையா இருக்கேன்னு சொல்லு.”

இஸ்திரிக்காரம்மாவுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் அந்த ஆள் பயந்து உள்ளேயே துள்ளுவான். துள்ளினால் வண்டி அசையும். கெஞ்சினாலும் வர மாட்டான். ஒரு வருடப் பகையில் அவள் அந்த மனுஷனை நன்றாகவே படித்து வைத்திருந்தாள்.

“பாப்பா, உங்கப்பா கட்டின சுவர் மாதிரிதான் அந்தக் காரும் நிக்குதான்னு கேளு.”

குழந்தை வாயைத் திறப்பதற்குள் ஸ்பேனர் தரையில் விழுந்தது. முதுகால் நெளிந்து நெளிந்து கொத்தனார் வெளியே வந்தார். முகமெல்லாம் துரு.

“என் சுவருக்கு என்னவாம்?” ஒரு வருடத்தில் முதல்முறையாக நேராகக் கேட்டார்.

“சுவர் கிடக்கட்டும். காரு ஆடுதான்னு பாத்துட்டுத்தான் அடியில படுத்தீங்களா?”

“ஆடுறதா? நான் வச்ச கல்லா? யானை வந்து முட்டினாலும் ஆடாது.”

“யானைக்கு எங்க போறது? நீங்களே முட்டுங்க.”

“இந்தா, பாத்துக்க!” என்று அவர் திரும்பி, இடுப்பால் காரின் பின்பக்கத்தை ஓர் இடி இடித்தார்.

சட்டி உடைவது போலத்தான் சத்தம் கேட்டது. பெரிய சத்தம்கூட இல்லை. வலது பக்கத்துக் கல் தூளாகிக் கொட்டியது. வண்டி ஒருக்களித்து இறங்கியது. சக்கரம் இல்லாத இரும்பு மண்ணில் புதைந்தது. சாம்பல் நிறத் தூசி எழும்பி மெதுவாக அடங்கியது.

அவர் தலைக்கு வைத்திருந்த துண்டின் ஒரு முனை மட்டும் வெளியே தெரிந்தது. குனிந்து இழுத்தார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தார். அப்புறம் விட்டுவிட்டு, இருந்த இடத்திலேயே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

இஸ்திரிக்காரம்மா குழந்தையின் முகத்தைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பி நின்றிருந்தாள். “கடவுளே, கடவுளே” என்று உதடு மட்டும் அசைந்தது.

வெகுநேரம் கழித்து அவர் உடைந்த கல்லில் ஒரு சில்லை எடுத்துப் பார்த்தார். நல்ல கல்தான். சுவரில் ஒவ்வொரு கல்லுக்கு மேலும் சாந்து பரவியிருக்கும். பாரம் கல் முழுக்கப் பகிர்ந்து இறங்கும். இங்கே காரின் ஓரத் தகடு கத்தி மாதிரி ஒரே கோட்டில் உட்கார்ந்திருக்கிறது. கல் வளையாது, முனகாது, எச்சரிக்காது. தாங்கும் வரை தாங்கும். அவ்வளவுதான். இது அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரிந்ததை நினைக்கவில்லை. கல்மேல் வைத்திருந்த நம்பிக்கை, யோசிக்க வேண்டிய இடத்தில் யோசிக்க விடவில்லை.

டிரைவரம்மா கேபிள் சுருளோடு வந்தபோது மூவரும் அப்படியேதான் இருந்தார்கள். சாய்ந்த வண்டியைப் பார்த்தாள். துண்டைப் பார்த்தாள். கணவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

“எங்க இருந்தீங்க?”

“வெளியதான்.”

“அதுக்கு முன்னால?”

அவர் துண்டின் முனையைப் பார்த்தார். அவள் கேபிள் சுருளால் அவர் தோளில் ஓர் அடி அடித்தாள். இன்னொன்று. மூன்றாவது அடிக்குக் கை எழும்பவில்லை. அவர் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்து, அவர் சட்டையைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“அந்தப் பிள்ளைங்க போனாப் போகட்டும்ங்க. வண்டியே போகட்டும். நான் நாலு வீட்டுல பாத்திரம் தேய்ச்சாவது...”

“தப்புதான்” என்றார் அவர். அவர் வாயில் அந்தச் சொல் வந்து அவள் கேட்டதே இல்லை.

இஸ்திரிக்காரம்மா குழந்தையைச் சுவர் தாண்டி இறக்கிவிட்டு உள்ளே போனாள். மரம் தரையில் இடிக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் தெரு வழியாகச் சுற்றி, வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு கையிலும் ஓர் இரும்பு ஸ்டாண்டு. அகலக் கால், நடுவில் ஏற்றி இறக்குகிற பல் வைத்த தண்டு. வண்டிக்கு அடியில் வைக்கவென்றே செய்தவை.

“அக்கா, இது...” டிரைவரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “உங்க மேசைக் காலுல்ல இது?”

இருவரும் அந்த மேசையை எத்தனையோ முறை பார்த்திருக்கிறார்கள். நீளப் பலகை, மேலே மடித்த கம்பளி. கால்களை மறைத்துத் துணி தொங்கும்; அடியில் அகல இரும்புப் பாதம் மட்டும் தெரியும்.

“பலகையைத் தரையில வச்சுட்டேன். இன்னைக்குத் துணி காத்திருக்கும். துணிக்கு என்ன, பசிக்கவா போகுது?”

ஸ்டாண்டுகளைக் கீழே வைத்துவிட்டு, அவற்றைப் பார்த்தபடியே சொன்னாள்.

“எங்க வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். இது இல்லாம அடியில போகவே மாட்டார். ஒருநாள் யாரோ அவசரம்னு கேட்டாங்கன்னு குடுத்துட்டார். அன்னைக்குன்னு இவர் வண்டியில ஏதோ ஒழுகுச்சு. ரெண்டு நிமிஷ வேலைதானேன்னு ஜாக்கியோட படுத்தார்.”

ஸ்டாண்டின் பல்லில் ஒட்டியிருந்த நூலிழையை நகத்தால் எடுத்தாள்.

“வாங்கிட்டுப் போனவங்க மேல தப்பில்ல. அன்னைக்குச் சாயங்காலமே கொண்டாந்து குடுத்தாங்க. வாசல்ல கூட்டத்தைப் பாத்துட்டு, எங்க வைக்கிறதுன்னு தெரியாம நின்னாங்க. அதுக்கப்புறம் யாருக்கும் இதைக் குடுத்ததில்ல. குடுக்க மனசில்ல, விக்கவும் மனசில்ல. மேசைக்குக் காலா வச்சுக்கிட்டேன்.” மூக்கை உறிஞ்சினாள். “எழுந்திருங்க தம்பி. மண்ணு மெத்துன்னு இருக்கு. இதுக்கு அடியில ஏதாவது போடணும், இல்லன்னா இறங்கிடும்.”

கொத்தனார் எழுந்தார். கட்டட வேலைக்கு வைத்திருந்த தடித்த பலகைகளில் நல்லதாக நாலு பொறுக்கினார். ஒன்றின்மேல் ஜாக்கியை வைத்தார். கம்பெனிக்காரன் ஜாக்கி வைக்கவென்று தகட்டில் வெட்டியிருந்த அடையாளத்தை டிரைவரம்மா விரலால் தடவிக் காட்டினாள். கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினார்கள். துண்டு விடுபட்டது. அதை யாரும் எடுக்கவில்லை. பின் அச்சுக்கு அடியில், பலகை மேல், இரண்டு ஸ்டாண்டையும் நிறுத்தி வண்டியை அதன்மேல் இறக்கினார்கள். ஜாக்கியைக் கழற்றாமல் தொட்டும் தொடாமலும் விட்டார்கள். கழற்றின சக்கரங்களை இருபக்கமும் அடியில் படுக்க வைத்தார்கள். எது தவறினாலும் வண்டி அதன்மேல்தான் விழும், ஆள்மேல் விழாது.

“தள்ளிப் பாருங்க” என்றாள் இஸ்திரிக்காரம்மா.

கொத்தனார் தள்ளினார். அசையவில்லை.

“இது தள்ளுறதா? தூளிக் குழந்தையை ஆட்டுறாப்புல இருக்கு. இடிங்க, அப்ப இடிச்சீங்களே!”

மூவரும் சேர்ந்து இடித்தார்கள். பின்னாலிருந்து, பக்கத்திலிருந்து. வண்டி பாறை மாதிரி நின்றது.

அவர் அடியில் போகக் குனிந்தார். கையிலிருந்த ஸ்பேனர் ஸ்பேனராகவே இல்லை, மீன் மாதிரி நழுவியது.

“தள்ளுங்க” என்றாள் டிரைவரம்மா. “என் வண்டி. நான் போறேன்.”

“நீ வேணாம்...”

“நல்லாத் தாங்குதுன்னு நீங்கதானே இடிச்சுப் பாத்தீங்க? நம்பிக்கை இல்லையா?”

அவள் உள்ளே போனாள். அவர் தரையில் கவிழ்ந்து படுத்து டார்ச்சைப் பிடித்தார். இஸ்திரிக்காரம்மா காரின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் கை தாங்கியா வண்டி நிற்கப் போகிறது? ஆனாலும் வேலை முடியும் வரை அதை எடுக்கவில்லை.

“பேசிக்கிட்டே இரு” என்றார் கொத்தனார்.

“என்ன பேச?”

“எதையாவது. சத்தம் வந்துக்கிட்டே இருக்கணும்.”

“கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் என்னைப் பேசச் சொல்றீங்க.” அடியிலிருந்து சுத்தியல் சத்தம். “அக்கா, கேட்டீங்களா இந்த அநியாயத்தை?”

“கேட்டேன் தங்கச்சி. நான் சாட்சி.”

“இந்தக் கிளிப்பு துருப்பிடிச்சு ஒட்டிக்கிச்சு. உங்கம்மா குணம் மாதிரியே விடமாட்டேங்குது.”

“சரி, சரி. அதை ஏன் இழுக்கிற?”

“நீங்கதானே பேசச் சொன்னீங்க! இன்னும் இருக்கு. போன மாசம் உப்பு டப்பாவைப் பத்திக் கேட்டீங்களே, அது ஏன் அங்க இருக்குன்னா...”

உப்பு டப்பாவில் தொடங்கி, கல்யாணத்துக்கு வராத மாமன் வரைக்கும் போனாள். அவர் ஒரு சொல்லுக்கும் எதிர்ச்சொல் சொல்லவில்லை. ஒவ்வொரு வசவும் உள்ளேயிருந்து வெளியே வரவர, அவர் முகத்தில் இரத்தம் திரும்பிக்கொண்டிருந்தது. பழைய கேபிள் வந்தது. புதியது போயிற்று. வெயில் ஏறி, மறுபடி மேகம் கட்டும்போது அவள் கரியும் துருவுமாக வெளியே வந்து, “விரல் இருக்கா, எண்ணுங்க” என்று பத்து விரலையும் காட்டினாள். அவர் உண்மையாகவே எண்ணினார்.

திங்கட்கிழமை காலை தலைமை ஆசிரியை சரிவில் நின்று பார்த்தார். வண்டி நட்டு வைத்தது போல நின்றது. பிள்ளைகள் ஏறிக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் ஸ்டாண்டுகளைக் கழுவித் துடைத்து, கொத்தனாரும் மனைவியும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கொத்தனாரே பலகையைத் தூக்கி மேலே பொருத்தினார். “அக்கா, அந்தச் சட்டைங்க...” என்று தொடங்கினார். “வெளுத்தாச்சு தம்பி, எப்பவோ வெளுத்தாச்சு” என்றாள் அவள். இருவரும் நேராகப் பேசிக்கொண்டதில் வருத்தப்பட்டது குழந்தை ஒருத்திதான். உத்தியோகம் போய்விட்டது.

டீ குடிக்கும்போது இஸ்திரிக்காரம்மா டிரைவரம்மாவிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: “நேத்து ராத்திரியெல்லாம் அவர் நினைப்புதான். இன்னைக்கு இடுகாட்டுக்குப் போயிட்டு வந்தேன். மழைக்கு மண்ணு இறங்கி அவர் பேர் போட்ட கல்லு ஒரு பக்கமாச் சாஞ்சு கிடக்கு. ஒரு செங்கலை முட்டுக் குடுத்துட்டு வந்திருக்கேன். நிக்குமோ என்னவோ.”

கொத்தனார் கிளாசைக் கீழே வைத்துவிட்டு, “டீ நல்லா இருந்துச்சுக்கா” என்றார்.

வாரக் கடைசியில் மழை ஒருநாள் ஓய்ந்தது. “ஒரு வேலை விசாரிக்கணும்” என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, விடிந்தும் விடியாமலும் கிளம்பினார். பையில் கொஞ்சம் சிமெண்ட், மணல், சரளை, கரண்டி, மட்டம் பார்க்கிற குழாய்.

இடுகாட்டில் காவலாளிகூட வந்திருக்கவில்லை. சாய்ந்த கல்லைத் தேடுவது சிரமமாக இல்லை. அடியில் அரைச் செங்கல் ஒன்று அவசரமாகச் செருகியிருந்தது. கல்லை மெல்லப் படுக்க வைத்தார். இளகின மண்ணையெல்லாம் தோண்டி எடுத்தார். கெட்டித் தரை வந்த பிறகு சரளை போட்டு இடித்து, சாந்து பரப்பி, கல்லை நிமிர்த்தி வைத்தார். மட்டம் பார்த்தார். மயிரிழை வித்தியாசம் இருந்தது. வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். எடுத்து மறுபடி வைத்தார். பெயரின் எழுத்துகளில் பிடித்திருந்த மண்ணை ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தார். அந்த மனிதரின் பெயரை அன்றுதான் முதல்முறையாகப் படித்தார். ஒருமுறை மெல்ல வாய்விட்டும் சொன்னார்.

வேலை முடிந்ததும் ஈரச் சாந்தின் ஒரு மூலையில் கரண்டி நுனியால் தன் குறியைக் கீறுவது கொத்தனார்களின் வழக்கம். பழக்கத்தில் கை அதற்குப் போனது. ஒரு கோடு விழுந்தும் விட்டது.

நிறுத்தினார். கட்டைவிரலால் அந்தக் கோட்டைத் தேய்த்து வழவழப்பாக்கினார். சுற்றிலும் சிந்தின சாந்தை வழித்து, மேலே பழைய மண்ணையும் சருகையும் தூவிவிட்டு, கரண்டியைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.